பதினெட்டு ரயில், ஒரு கப்பல்

பி.காம் படித்தவர்களுக்கு கன்சைன்மென்ட் கணக்கு ஞாபகம் இருக்கும். "இத்தனை டன் நிலக்கரி அனுப்பினார், ஏற்றி இறக்கியதில் இத்தனை டன் குறைந்தது, நார்மல் லாஸ் எவ்வளவு, அப்நார்மல் லாஸ் எவ்வளவு?" எந்த புத்தகத்தை எடுத்தாலும் இந்தக் கணக்கில் நிலக்கரிதான் வரும். ஏன் எப்பவும் நிலக்கரி, அரிசி பருப்பு எல்லாம் கிடையாதா என்று வகுப்பில் யாரும் கேட்டதில்லை.

எனக்கு அதைத் தேட வைத்தது 2022 ஏப்ரல். எங்கப்பா ஓசூரில் சின்னதாக ஒரு ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருக்கிறார். ரெண்டு சிஎன்சி, ஒரு பழைய லேத். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் போனால் இன்சர்ட் உடையும், உள்ளே இருக்கும் ஜாப் ஸ்கிராப். 2012-ல் மணிக்கணக்கில் போன கரண்டைப் பார்த்தவர் என்பதால் அவர் ரொம்ப அலட்டிக்கொள்ளவில்லை. "கரி வரலையாம்டா" என்று மட்டும் சொன்னார். அந்த மாதம் நாடு முழுக்க நிலக்கரிப் பற்றாக்குறை. கரி ரயிலுக்கு வழி விடுவதற்காக பயணிகள் ரயில்களையே ரத்து செய்தார்கள். சரி, அந்தக் கரி எப்படித்தான் வருது என்று தேடினால் ஒரு பெரிய கதையே இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு வரும் நிலக்கரியில் பெரும்பகுதி ஒடிசாவின் தால்ச்சர் பக்கத்தில் இருந்து வருகிறது. அங்கிருந்து சென்னைக்கு ரயில் பாதை ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். நேராக ரயிலிலேயே கொண்டுவந்தால் செலவும் அதிகம், பாதையும் நெரிசல். அதனால் பாராதீப் துறைமுகம் வரைக்கும் மட்டும் ரயில். அங்கே கப்பலில் ஏற்றி எண்ணூருக்கோ தூத்துக்குடிக்கோ கொண்டுவருகிறார்கள். மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு என்றால் துறைமுகத்தில் இறக்கி மறுபடி ரயில்! இதில் தூத்துக்குடி கப்பல் பாடு இன்னும் பாவம். பாக் நீரிணையில் ஆழம் இல்லாததால் இலங்கையை ஒரு சுற்று சுற்றித்தான் வரணும். 2005-ல் மதுரையில் தொடங்கி வைத்த சேதுசமுத்திரத் திட்டம் முடிந்திருந்தால் என்று ஆரம்பித்தால் வேறு சண்டை வரும், விட்டுவிடுவோம். :-)

இந்தக் கப்பல்களை ஏற்பாடு செய்வது பூம்புகார் கப்பல் கழகம், 1974-ல் தொடங்கிய தமிழக அரசு நிறுவனம். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகு விடுகிறார்களே, அதே கம்பெனிதான்.

பாராதீப்பில் 2001-ல் இயந்திரமயமான நிலக்கரித் தளம் ஒன்றைத் தொடங்கினார்கள். அங்கே ரயில் வந்து நின்று ஆட்கள் கூடையில் சுமப்பது எல்லாம் கிடையாது. வேகன்களுக்கு அடியில் கதவு இருக்கிறது. தண்டவாளத்துக்குக் கீழே நீளமாக ஒரு பள்ளம். ரயில் அதன் மேல் ஊர்ந்து போக, காற்றழுத்தத்தில் கதவு திறந்து கரி கொட்டிவிடும். ரயில் வட்டப் பாதையில் சுற்றிக்கொண்டு அப்படியே திரும்பிப் போய்விடும். கீழே விழுந்த கரி பெல்ட்டில் ஏறி, யார்டில் மலை மாதிரி குவியும். கப்பல் வந்ததும் பெரிய சக்கரத்தில் வாளி கட்டிய மாதிரி ஒரு மெஷின் அந்த மலையைச் சுரண்டி மறுபடி பெல்ட்டில் போடும். அது கப்பல் வயிற்றுக்குள் போய் விழும்.

ஒரு ரயிலில் 58, 59 வேகன், சுமாராக 4,000 டன். 75,000 டன் கப்பலை நிரப்ப 18, 19 ரயில் வேண்டும். பதினெட்டு ரயிலும் கப்பல் வரும் அன்றே வராது, கப்பலும் பதினெட்டு ரயிலுக்காகக் காத்திருக்காது. நேரம் தாண்டினால் ரயில்வேக்கும் டெமரேஜ், கப்பல்காரனுக்கும் டெமரேஜ். (சீக்கிரம் ஏற்றி முடித்தால் கப்பல்காரன் நமக்குத் தருவது டெஸ்பாட்ச் மணி, வழக்கமாக டெமரேஜில் பாதி.) நடுவில் இருக்கும் அந்தக் கரி மலைதான் ரெண்டு பேரிடமும் நம்மைக் காப்பாற்றுகிறது. இன்வென்டரி எதற்கு என்று மூணு பக்கம் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன், இவ்வளவு தெளிவாக அப்போது புரியவில்லை.

ஏற்றுவதிலும் ஒரு முறை உண்டு. ஒரே அறையை முழுசாக நிரப்பினால் கப்பல் நடுவில் வளைந்துவிடும். அதனால் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று மாற்றி மாற்றிப் போட்டு, அதே நேரத்தில் உள்ளே இருக்கும் பாலாஸ்ட் தண்ணீரை வெளியேற்றுவார்கள்.

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி. "எடை யாருடா போடறாங்க?"

தொழில் பண்ணுகிறவர் கேள்வி! கப்பலையே தராசாக்கிவிடுகிறார்கள். முன்னால், நடுவில், பின்னால் என்று இரண்டு பக்கமும் ஆறு இடத்தில் எழுதியிருக்கும் ஆழக் குறிகளைப் படித்து, கடல் தண்ணீரின் அடர்த்தி பார்த்து, எரிபொருள், குடிதண்ணீர், பாலாஸ்ட் எல்லாம் கழித்தால் மிச்சம் கரி. ரயில்வே எடைமேடை சொல்லும் எடைக்கும் இதற்கும் அச்சு அசலாகப் பொருந்தாது. தூசி பறக்காமல் இருக்கத் தண்ணீர் தெளிப்பார்கள், அந்தத் தண்ணீரும் எடையில் ஏறும். மழை பெய்தால் சும்மா கிடந்தே எடை கூடும். வெயிலில் காயும், காற்றில் பறக்கும். எங்க கன்சைன்மென்ட் கணக்கில் ஏன் எப்பவும் நிலக்கரி என்பது இங்கேதான் விளங்கியது.

அப்படிப் பறந்ததுதான் நார்மல் லாஸ். நோட்டில் அதற்குத் தனி என்ட்ரி கிடையாது, மிச்சம் இருக்கும் டன் விலையில் ஏற்றிவிடுவோம். சென்னைத் துறைமுகத்தில் பறந்த தூசி வடசென்னைக்காரர்கள் வீட்டுக்குள் விழுந்தது. வழக்கு போட்டு, உயர் நீதிமன்றம் சொல்லி, 2011 அக்டோபரில் இருந்து அங்கே நிலக்கரியும் இரும்புத் தாதுவும் நின்றது. அந்தச் சரக்கு போனது வடக்கே இருபது சொச்சம் கிலோமீட்டரில் இருக்கும் எண்ணூருக்கு. அங்கே காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக்குப்பத்திலும் கொசஸ்தலை ஆற்றில் மீன் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அனல்மின் நிலையத்துச் சாம்பலும் கசிந்து கசிந்து அதே ஆற்றில்தான் சேர்ந்தது. ஓசூரில் எங்க பட்டறை மேசையில் தூசி இருக்கும், அது இரும்புத் தூசி. கரித்தூசி ஒரு பொட்டு கூட இங்கே வராது, கரண்ட் மட்டும்தான் வரும்.