தாங்கு கம்பியும் தந்தையார் கையும்

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பது முன்னோர் வாக்கு. பிறந்த ஊரை விட்டு வேற்றூரில் குடியேறி வாழும் நம் போன்றோர்க்கு இதன் பொருள் நன்கு விளங்கும். வந்த புதிதில் தகரப் பெட்டியே மேசையாகவும், கிழிந்த போர்வையே மெத்தையாகவும் உதவிய இல்லங்கள் நம்மிடையே பல. கழித்துப் போட்டவற்றுள் எது இன்னும் பயன்படும் என்று கண்டறிவது ஓர் அறிவு. அவ்வறிவு மிக்க முதியவர் ஒருவரைப் பற்றியும், பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றிய இரண்டு வாயுத் தண்டுகளைப் பற்றியும் அன்பர்களுக்குச் சில சொல்ல விரும்புகிறோம்.

கார் எஞ்சினை மூடியிருக்கும் தகட்டினைப் பானெட் என்கிறோம். நம் நாட்டில் ஓடும் சிறிய கார்கள் பலவற்றில், பானெட்டைத் திறந்தால் அது விழாதவாறு ஒரு மெல்லிய இரும்புக் கம்பியை நிமிர்த்தி, அதன் முனையைப் பானெட்டின் அடியிலுள்ள துளையில் செருக வேண்டும். விலை உயர்ந்த கார்கள் பலவற்றில் இக்கம்பி இல்லை. அவற்றில் வாயு அடைத்த தண்டுகள் பானெட்டைத் தாமே தாங்கி நிற்கும். மெக்கானிக்குகள் இவற்றை ஷாக்கர் என்று அழைப்பர். கம்பியில் குறை ஏதுமில்லை, மலிவானது, பழுதாகாதது. ஆனால் அதற்கு இரண்டு கை வேண்டும். ஒரு கை பானெட்டைத் தூக்கிப் பிடிக்க, மறு கை கம்பியை எடுத்துச் செருக வேண்டும்.

நம் தந்தையார் 1972ஆம் ஆண்டில் திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து, அன்று பம்பாய் எனப்பட்ட மும்பைக்கு வந்தவர். முப்பத்தோர் ஆண்டுகள் கார் ஓட்டியே எங்களைப் படிக்க வைத்தார். மூன்றாண்டுகளுக்கு முன் பக்கவாதம் கண்டது. உயிருக்கு ஊறின்றித் தேறினார்; எனினும் வலக்கை தோளுக்கு மேல் எழுவதில்லை. கார் ஓட்டுவதைத் தாமே நிறுத்திக்கொண்டார். ஆனால் ஒன்றை மட்டும் விடவில்லை. நாள்தோறும் காலையில் கீழே இறங்கி, பானெட்டைத் திறந்து, எண்ணெய் அளவையும் ரேடியேட்டர் நீரையும் பார்த்து, "இன்று வண்டி நன்றாயிருக்கிறது" என்று சொன்ன பின்னரே காப்பி அருந்துவார். பானெட்டை இடக்கையால் தூக்கித் தலையால் முட்டுக்கொடுத்து, அதே கையைக் கீழே இறக்கிக் கம்பியைச் செருகுவது அவர் கண்ட வழி.

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் வலுத்த காற்றில் கம்பி துளையை விட்டு நழுவிப் பானெட் விழுந்தது. அவருடைய விரல்கள் ஒரு நொடி முன்புதான் விலகியிருந்தன. மாடியிலிருந்து அதனைக் கண்ட நம் மனைவியார், "மாமா, இனி இந்த வேலை உங்களுக்கு வேண்டாம்" என்று கூறிச் சாவியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். அன்பினால் செய்ததே அது. தந்தையார் "சரி அம்மா" என்றார். அதன் பின் காலையில் கீழே இறங்கவில்லை. நாற்காலியில் அமர்ந்து சுவரைப் பார்த்திருப்பார். சொந்த ஊரில் முதியவர்க்குத் திண்ணை உண்டு, வயல் வரப்பு உண்டு, பேச்சுத் துணைக்குத் தோழர் உண்டு. நகரத்து அடுக்குமாடியில் அவருக்கென இருந்தது அந்த ஒரு வேலைதான். பத்து நாள்களில் உணவு குறைந்தது, பேச்சும் குறைந்தது. வேலையை எடுப்பதற்கு மாறாக, வேலையிலுள்ள இடரை எடுத்தால் என்ன என்று அப்போதுதான் நாம் எண்ணினோம்.

வாயுத் தண்டின் தத்துவம் எளியது. எஃகு உருளையொன்றில் நைட்ரஜன் வாயுவை மிகுந்த அழுத்தத்தில் அடைத்து, சிறிது எண்ணெயும் இட்டு மூடியிருப்பர். உள்ளே செல்லும் தண்டு வாயுவின் இடத்தைக் குறைக்கிறது. இடம் குறைந்தால் அழுத்தம் மிகும் என்பது பாயில் என்னும் அறிஞர் 1662ஆம் ஆண்டில் வெளியிட்ட விதி. அவ்வழுத்தமே தண்டை வெளியே தள்ளுகிறது. 6 மில்லிமீட்டர் பருமனுள்ள தண்டு 15 கிலோ எடையைத் தள்ள வேண்டுமானால், உள்ளே சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 53 கிலோ அழுத்தம் இருக்க வேண்டும். கார் டயரில் இருப்பது சுமார் 2 கிலோவே. ஆகையால் இவ்வுருளையை அறுப்பதோ, துளையிடுவதோ, நெருப்பில் காட்டுவதோ ஒருகாலும் கூடாது.

எவ்வளவு வலிமை வேண்டும் என்பதைப் பெட்டி நிறுக்கும் தொங்கு தராசு கொண்டு கணக்கிட்டோம். பானெட்டின் முன் விளிம்பில் தராசை மாட்டிச் சிறிது தூக்கியபோது 6 கிலோ காட்டிற்று. கீலிலிருந்து விளிம்பு வரை 90 சென்டிமீட்டர், பெருக்கினால் 540. முழுதும் திறந்த நிலையில் 4 கிலோ, பெருக்கினால் 360. தண்டுகளைப் பொருத்த வாய்ப்புள்ள இடத்தில், திறந்த நிலையில், தண்டின் கோட்டுக்கும் கீலுக்கும் இடையே 18 சென்டிமீட்டர் இருந்தது. 360ஐ 18ஆல் வகுத்தால் 20 கிலோ. காற்றுக்கும் தேய்மானத்துக்கும் இடம் விட்டு, தண்டு ஒன்றுக்கு 15 கிலோவாக இரண்டு தேவை என முடிவு செய்தோம்.

மும்பையில் குர்லாவின் பழைய கார் உதிரிக் கடைகளை அறியாதார் இலர். "அப்பா, நீங்களும் வர வேண்டும்; எனக்கு இவற்றின் தரம் தெரியாது" என்று அழைத்தோம். மறுமொழி கூறாமல் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். கடைக்காரர் முதலில் பளபளப்பான டிக்கி ஷாக்கர் இரண்டை எடுத்து வைத்து, இவைதாம் நல்ல வலிமை என்றார். தந்தையார் ஒன்றைத் தரையில் ஊன்றி இடக்கையால் அழுத்திப் பார்த்துத் தள்ளி வைத்தார். "இது பின்கதவைத் தூக்குவது. பானெட்டில் போட்டால் தகடு வளையும், மூடவும் என்னால் ஆகாது" என்றார். அது 40 கிலோ தள்ளும் தண்டு. நாம் தாளில் கணக்கிட்டுக் கண்டதை அவர் உள்ளங்கையாலேயே கண்டார்.

பின்னர் ஒரு மணி நேரம் குவியலைக் கிளறினார். தண்டில் எண்ணெய்க் கசிவு உள்ளவற்றையும், கீறலோ துருவோ உள்ளவற்றையும் ஒதுக்கினார். கீறல் உள்ள தண்டு உள்ளிருக்கும் அடைப்பு வளையத்தைக் கிழித்துவிடும் என்றார். இறுதியில் ஒரே காரின் பானெட்டிலிருந்து கழற்றிய சோடி ஒன்றைத் தேர்ந்தார். விலை 400 ரூபாய். வீட்டில் ஆள் எடை பார்க்கும் எந்திரத்தின் மீது ஊன்றி அழுத்தினோம். ஒன்று 15 கிலோ, மற்றொன்று 16 கிலோ காட்டின.

பொருத்தும் வேலையில் அன்பர்கள் நினைவிற்கொள்ள வேண்டியவை சில. மூடிய நிலையில் இரு முனைகளுக்கும் இடையேயுள்ள தூரம், தண்டு முற்றும் அழுந்திய நீளத்தைவிட ஒரு சென்டிமீட்டராவது மிகுந்திருக்க வேண்டும். இன்றேல் பானெட் மூடாமல் தகடு நெளியும். மூடிய நிலையில் மெல்லிய தண்டு கீழ்நோக்கியும் உருளை மேல்நோக்கியும் இருத்தல் வேண்டும்; அப்போதுதான் உள்ளிருக்கும் எண்ணெய் அடைப்பு வளையத்தை நனைத்து நிற்கும். வெப்பம் ஒரு பாகை குறைந்தால் தள்ளும் வலிமை ஏறத்தாழ முந்நூற்றில் ஒரு பங்கு குறையும். 45 பாகைக் கோடையும் 5 பாகைக் குளிரும் காணும் தில்லி போன்ற ஊர்களில் உள்ளோர், இதனால் எட்டில் ஒரு பங்கு வேறுபாடு வரும் என்பதை எண்ணிக் கணக்கிட வேண்டும். வாகனத்தின் அமைப்பை மாற்றுவதற்கு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வரம்பு விதித்திருப்பதால், நாம் எதையும் வெட்டவோ துளைக்கவோ இல்லை. முன்பே உள்ள போல்ட்டுகளில் எஃகுப் பட்டைகளை மாட்டினோம். வேண்டாத போது கழற்றிவிடலாம்.

இப்போது விளிம்பில் கை வைத்துத் தூக்கத் தொடக்கத்தில் 5 கிலோவுக்குச் சற்றுக் குறைந்த வலிமையே போதும். பாதிக்கு மேல் பானெட் தானே எழுந்து நிற்கிறது. மூட 2 கிலோ அழுத்தினால் இறங்கத் தொடங்குகிறது. ஒரு கை போதும். அதுவும் இடக்கையே போதும். நம் மனைவியார் தாமே திறந்து மூடிப் பார்த்த பின், ஒன்றும் கூறாமல் அலமாரியைத் திறந்து சாவியை மாமனாரிடம் கொடுத்தார்.

பழைய கம்பியை எடுத்தெறிய வேண்டாம் என்று தந்தையார் கூறியதால் அதுவும் தன் இடத்திலேயே இருக்கிறது. வாயுத் தண்டு ஒரு நாள் தளரும் என்பதை அவர் அறிவார். நீண்ட நேரம் வேலை செய்யும் நாளில், பிறர் ஒருவர் உதவியோடு அதனையும் செருகிக்கொள்கிறார்.

முதியோரைப் பேணுவதில் நாம் யாவரும் கருத்துடையோமே. ஆயினும், விழுந்துவிடுவார் என்று படியை மறுப்பதும், சுட்டுக்கொள்வார் என்று அடுப்பை மறுப்பதும் எளிது. படிக்கு ஒரு கைப்பிடியும், அடுப்புக்கு ஒரு காப்பும் அமைப்பது சிறிது உழைப்பு வேண்டுவது. அவ்வுழைப்பின் விலை எங்கள் இல்லத்தில் 400 ரூபாயும் ஒரு ஞாயிற்றுக்கிழமையுமே ஆயிற்று. தத்தம் இல்லத்துப் பெரியவர் எந்த வேலையை இழந்து வாடுகின்றார் என்பதை அன்பர்கள் ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்களாக.