பதினாறில் ஒன்று

நண்பர்கள் கூடும்போதெல்லாம் நான் சொல்லும் கதை ஒன்று இருந்தது. 2006-ல் பிளஸ் டூ முடித்ததும் கும்பகோணம் கவின்கலைக் கல்லூரிக்குப் போய் விண்ணப்பம் வாங்கி வந்தேன். அப்பா அதை வாங்கிப் பார்த்தார், நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு அதை நான் பார்க்கவே இல்லை. அடுத்து கிண்டியில் இன்ஜினியரிங் கவுன்சிலிங். "எனக்குள்ள இருந்த ஆர்ட்டிஸ்ட்ட அன்னைக்கே முடிச்சிட்டாங்க மச்சி" என்று சொல்லி நிறுத்துவேன். யாராவது தோளில் தட்டுவார்கள். வேறொருவர் தன் அப்பாவைப் பற்றி ஆரம்பிப்பார்.

இப்போது அந்தக் கதையை நான் சொல்வதில்லை. தினமும் வரைய ஆரம்பித்ததில் எனக்கு ஏற்பட்ட நஷ்டம் அது.

ஆரம்பித்தது 2022-ல், ஒரு சலிப்பில். அப்போது நாங்கள் செய்துகொண்டிருந்த புராஜெக்ட்டில் ஒரு பில்ட் ஓடி முடிய 14 நிமிடம் ஆகும். அந்த 14 நிமிடமும் போனில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருப்பேன். ஒருநாள் போனில் சார்ஜ் இல்லை. மேஜை மேல் காலி டீ கப் இருந்தது, மீட்டிங் நோட்டு இருந்தது. வரைந்தேன். கப்பின் வாய் ஒரு நீள்வட்டம். அதன் சமன்பாட்டைக் கேட்டால் தூக்கத்தில் சொல்வேன். வரைந்தபோதோ எலுமிச்சம்பழம் மாதிரி இரண்டு முனையும் கூராக வந்து நின்றது. பில்ட் முடிந்துவிட்டது. நான் நிமிரவில்லை.

அடுத்து ஐடிக்காரன் என்ன செய்வானோ அதைத்தான் செய்தேன். சாமான் வாங்கினேன். இரண்டு வாரம் வீடியோ பார்த்து, டியூப் வண்ணங்கள், மூன்று பிரஷ், நூறு சதவீதப் பருத்தியில் செய்த 300 ஜிஎஸ்எம் தாள். முழுத்தாள் 22 அங்குலத்துக்கு 30 அங்குலம். அந்த விலைக்கு வாங்கிய தாளில் கை வைக்கப் பயமாக இருந்தது. மூன்று மாதம் அது அலமாரிக்கு மேல் சுருண்டு கிடந்தது. பதிலுக்கு ஸ்டேஷனரி கடையின் டிராயிங் நோட்டில் வண்ணம் பூசிப் பழகினேன். அந்தத் தாள் தண்ணீர் பட்டதும் அப்பளம் மாதிரி நெளிந்தது. இரண்டாவது முறை பிரஷ் போனால் நூல்நூலாக உரிந்து வந்தது. தாளின் குற்றத்தையெல்லாம் என் கையின் குற்றமென்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெரிய தாளை எடுத்துக் கிழித்தேன். பாதியாக, அதைப் பாதியாக, இப்படி நான்கு முறை. ஐந்தரைக்கு ஏழரை அங்குலத்தில் 16 துண்டுகள் கிடைத்தன. எந்தப் படம் கெட்டாலும் கெட்டது பதினாறில் ஒன்று, அவ்வளவுதான். வாட்டர்கலர் ஆரம்பிக்கிறேன் என்று யார் வந்து கேட்டாலும் நான் சொல்வது இதை மட்டும்தான்: வண்ணம் சுமாராக இருக்கட்டும், தாள் நல்லதாக வாங்குங்கள், வாங்கிய கையோடு கிழித்துவிடுங்கள். ஆனால் மொத்தமாக வாங்கிச் சேர்க்காதீர்கள். சென்னை ஈரத்தில் தாள் மேல் இருக்கும் பசைப்பூச்சு கெட்டுவிடும். பிறகு வண்ணம் திட்டுத்திட்டாக உள்ளே இறங்கும்.

இன்னொரு பைத்தியக்காரத்தனமும் செய்தேன். ஸ்ப்ரெட்ஷீட். வரைந்த நாள் பச்சை, வரையாத நாள் சிவப்பு. 61 நாள் தொடர்ந்து பச்சை. அந்த 61-வது நாள் இரவு 11.50-க்கு, கண் சொக்கச் சொக்க, ஒரு பேனா மூடியை நாலு கோட்டில் வரைந்து கட்டத்தைப் பச்சையாக்கினேன். படுத்த பிறகு யோசித்தேன், அந்த மூடியில் கிளிப் இருந்ததா என்று. ஞாபகமில்லை. பார்க்காமலே வரைந்திருக்கிறேன். மறுநாள் அந்த ஷீட்டை அழித்தேன். அதற்குப் பதிலாக இடத்தை மட்டும் மாற்றினேன். சின்ன நோட்டும் தண்ணீர் நிரப்பும் பிரஷும் லேப்டாப் பைக்குள்ளேயே இருக்கும். பில்ட் ஓடினால், ரயில் வரவில்லையென்றால், பல் டாக்டரிடம் டோக்கன் வாங்கி உட்கார்ந்தால், நோட்டு வெளியே வரும். வாரத்தில் நான்கு நாள், ஐந்து நாள். சில வாரம் இரண்டு.

வாட்டர்கலரில் வெள்ளை கிடையாது. கடைகளில் விற்பார்கள், ஆனால் உண்மையான வெள்ளை தாள்தான். ஒரு எவர்சில்வர் டம்ளரின் பளபளப்பு வேண்டுமென்றால் அந்த இடத்தை முதலிலேயே விட்டுவைக்க வேண்டும். பூசிவிட்டால் போனது போனதுதான். முந்தைய வெர்ஷனுக்குத் திரும்பிப்போய்ச் சம்பாதிக்கிறவனுக்கு இது பெரிய அதிர்ச்சி. இன்னொன்று, காத்திருப்பது. பூச்சு பாதி காய்ந்திருக்கும்போது பொறுமையில்லாமல் ஈர பிரஷை வைத்தால், புதுத் தண்ணீர் வண்ணத்தை ஓரத்துக்குத் தள்ளி, காலிஃபிளவர் மாதிரி ஒரு கறை பூக்கும். சரிசெய்யப் போகப்போக அது பெரிசாகும். என் முதல் வருடத்து வானங்கள் எல்லாமே காலிஃபிளவர் தோட்டம். நவம்பர் மழையில் ஒரு பூச்சு காய ஃபேனுக்கு அடியில் வைத்தும் நேரமெடுக்கும். அந்த நேரத்தில் செய்ய ஒன்றுமில்லை.

ராயபுரம் ரயில் நிலையத்தை மூன்று முறை வரைந்திருக்கிறேன். 1856-ல் திறந்தது, தென்னிந்தியாவில் மிச்சமிருப்பதில் மிகப் பழையது. நிழலுக்கு அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் நல்ல சாம்பல் கிடைக்கும், அதைப் பூசிக்கொண்டிருந்தேன். ஒரு ஆட்டோக்காரர் பின்னால் வந்து நின்றார். ரொம்ப நேரம் பேசவில்லை. "சார், தப்பா நினைக்காதீங்க. மூணாவது தூண் சாயுது."

சாய்ந்துதான் இருந்தது. எனக்கு மூன்றாவது தூண் எப்போதும் சாயும்.

இங்கேதான் என் கதை உடைய ஆரம்பித்தது. இரண்டு வருடம், கிட்டத்தட்ட பத்து நோட்டுகள். வரிசையாகப் பார்த்தால் முன்னேற்றம் தெரிகிறது. நீள்வட்டம் இப்போது நீள்வட்டமாக இருக்கிறது. ஆனால் உள்ளே கட்டிப்போடப்பட்டிருந்த மாபெரும் கலைஞன் யாரும் அந்தப் பக்கங்களிலிருந்து எழுந்து வரவில்லை. சுமாராக வரைகிற, மெதுவாகக் கற்றுக்கொள்கிற ஒரு ஆள் இருந்தான். பதினெட்டு வயதில் ஒழுங்காகப் படித்திருந்தால் என்னவாகியிருப்பேன் என்பது யாருக்கும் தெரியாது. அதை அப்பாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பெழுதவும் நான் தயாரில்லை. ஆனால் ஒரு கேள்வியைத் தாண்ட முடியவில்லை. 2006-லிருந்து 2022 வரை, 16 வருடம், பத்து ரூபாய்க்கு ஒரு பென்சில் வாங்க விடாமல் என்னை யார் தடுத்தார்கள்?

கோபுலு தஞ்சாவூர்க்காரர், எங்கள் கும்பகோணத்தில்தான் ஓவியம் படித்தார். பக்கவாதத்தில் வலது கை செயலிழந்த பிறகு இடது கையால் வரையப் பழகி வரைந்தார். இதைச் சின்ன வயதிலிருந்தே மரியாதையோடு சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். என் இரண்டு கையும் நன்றாகத்தான் இருந்தன. எனக்கு வரைவதைவிட, வரைய விடவில்லை என்ற கதை பிடித்திருந்தது. அதில் நான் தோற்கவே முடியாது. வரையாத படத்தில் தூண் சாயாது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மத்தியானம் திண்ணையில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கூட்டுறவு சங்கத்தில் முப்பது வருடம் பேரேடு எழுதிய கை, பேப்பரின் ஓரத்தைப் பிடித்திருந்தது. வரைந்தேன். அவர் கவனித்துவிட்டார், கேட்கவில்லை. பக்கம் திருப்பாமல் அப்படியே வைத்திருந்ததில்தான் எனக்குத் தெரிந்தது.

முடித்ததும் "கொண்டா" என்றார். கண்ணாடியை மாற்றிக்கொண்டு நோட்டை முதல் பக்கத்திலிருந்து பார்த்தார். டீ கப், ஹெல்மெட், ராயபுரம், தூங்குகிற என் மனைவி, மறுபடி டீ கப். "எல்லாத்துக்கும் தேதி போட்டிருக்க. நல்ல பழக்கம்" என்றார். பிறகு பக்கத்தைப் பார்த்தபடியே கேட்டார்:

"அன்னைக்கு உன்னை அங்க சேர்த்து விட்டிருக்கலாமோ?"

இந்த ஒரு வரிக்காக நான் எத்தனை வருடம் பதில் தயாரித்து வைத்திருந்தேன்! காரில், குளிக்கும்போது, சண்டை போட்ட இரவுகளில். எல்லாப் பதிலும் கூர்மையாக இருந்தன. வாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை.

"தெரியலப்பா" என்றேன். "நான் அப்புறமாவது வரைஞ்சிருக்கலாம்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த விண்ணப்பத்தை என்ன செய்தார் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. கடைசிப் பக்கத்துக்கு வந்து, தன் கையையும் படத்திலிருந்த கையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"கட்டைவிரல் பெரிசா இருக்குடா."

"ஆமாப்பா. எனக்கு விரல் வராது."

பேப்பரை மறுபடி எடுத்து, முன்பு பிடித்திருந்த மாதிரியே பிடித்துக்கொண்டார். "இன்னொரு தடவை போடு. அஞ்சு மணி வரைக்கும் எனக்கு வேலையில்ல."