உதைத்தால் கிளம்புமா?

நடுத்தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றுவிட்டால் நடக்கிற வேடிக்கையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சொந்தக்காரர் முதலில் உதைப்பார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உதைப்பார். டீக்கடையிலிருந்து ஒருவர் எழுந்து வந்து, "நகருங்க, நான் பார்க்கிறேன்" என்பார். பார்க்கமாட்டார், அவரும் உதைப்பார். கடைசியில் நாலு பேர் சேர்ந்து தள்ளுவார்கள். இத்தனை பேரில் ஒருவராவது, "இது எப்போது நின்றது? எப்படி நின்றது?" என்று கேட்பாரா? மூச்சு விடமாட்டார்!

குழந்தைக்கு ஜுரம் வந்தால் நாம் இப்படியா செய்கிறோம்? காலையில் அடிக்கிறதா, சாயங்காலம் ஏறுகிறதா, வியர்த்ததா, சாப்பிட்டானா என்று எல்லாவற்றையும் கவனித்து வைத்திருந்து, டாக்டர் வாய் திறக்கும் முன்பே ஒப்பித்துவிடுகிறோம். யந்திரத்துக்கும் அதே முறைதான் என்பதை எனக்குக் காட்டியவள் என் அண்ணன் மகள்.

கோயமுத்தூரில் வடவள்ளிப் பக்கம் அண்ணாவின் வீடு. அவர் காலமாகி நாலு வருஷம் ஆகிறது. அவர் விட்டுப்போனவற்றில் ஒன்று, பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றி ஓட்டும் பழைய 'டூ ஸ்ட்ரோக்' மோட்டார் சைக்கிள். மகள் பிறப்பதற்கு முந்தின வருஷம் வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பார். அவளுக்கு நரசிபுரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. "அப்பா வண்டியிலேயே போய்க்கிறேனுங்க அத்தை" என்றாள். எனக்குச் சந்தோஷந்தான். அண்ணிக்கு வயிற்றில் நெருப்பு.

அந்த நெருப்புக்கு எண்ணெய் வார்த்தது வண்டி. காலையில் சமர்த்தாக ஒரே உதையில் கிளம்பும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனதும் பொசுக்கென்று நின்றுவிடும். அதன் பிறகு தலைகீழாக நின்றாலும் உயிர் வராது. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வருகையில் தொண்டாமுத்தூருக்கு முன்னால், இருட்டுகிற நேரத்தில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே நின்றுவிட்டது. அவள் வீடு வந்து சேரும்போது மணி எட்டரை. வாசற்படியில் உட்கார்ந்திருந்த அண்ணி அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "பொங்கலுக்குள்ள இதச் சரி பண்ணு கண்ணு. இல்லாட்டி பழைய இரும்புக்குப் போட்டுருவேன்" என்றாள். அவள் சொன்னால் செய்கிறவள். பொங்கலுக்கு இருந்ததோ ஆறே வாரம்.

மூன்று மெக்கானிக்குகளிடம் வண்டி போயிற்று. முதல்வர் 'பிளக்' மாற்றினார். இரண்டாமவர் கார்ப்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார். மூன்றாமவர், "வயசான வண்டிங்க, இஞ்சினையே இறக்கோணுங்க" என்று பெரிய தொகை ஒன்று சொன்னார். மூன்று பேருமே கெட்டிக்காரர்கள்தாம். ஆனால் மூவரும் வண்டியைப் பார்த்தது அது குளிர்ந்து, நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தபோது. ஜுரம் இல்லாத நேரத்தில் குழந்தையைக் காட்டினால் வைத்தியர் என்ன செய்வார், பாவம்!

பெண் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டாள். எத்தனை கிலோமீட்டரில் நின்றது, வெயிலா மழையா, எவ்வளவு நேரம் கழித்துக் கிளம்பியது என்று தினமும் எழுதினாள். நான் வாசித்துப் பார்த்தேன். கதை தெளிவாக இருந்தது. சூடு ஏறினால் நிற்கிறது. இருபத்தைந்து நிமிஷம் ஆறினால் கிளம்புகிறது. இருமித் திக்கித் திணறி நிற்பதில்லை. விளக்கை அணைத்தாற்போல் சட்டென்று நிற்கிறது.

"ஏனுங்க அத்தை, பெட்ரோல் போதலைன்னா திணறித்தானே நிக்கோணும்?" என்றாள். நியாயமான கேள்வி. பம்ப் ஸ்டவ் எரித்த கைகளுக்கு இது புதிதல்ல. துவாரத்தில் தூசி அடைத்தால் ஜ்வாலை குறைந்து, மஞ்சளாகி, பொருமிப் பொருமித்தான் அணையும். ஊசியால் குத்திவிட்டால் மறுபடி 'ஜோ'வென்று எரியும். மோட்டார் சைக்கிளின் கார்ப்பரேட்டருக்குள்ளும் அப்படி ஒரு ஊசித்துவாரந்தான் இருக்கிறது.

ஆனாலும் அவள் அனுமானத்தோடு நிற்கவில்லை. பெட்ரோல் இஞ்சின் ஓடுவதற்கு வேண்டியவை மூன்று: காற்றோடு கலந்த பெட்ரோல், அதை இறுக்கும் அமுக்கம், சரியான சமயத்தில் ஒரு தீப்பொறி. வண்டி நின்ற இடத்திலேயே, நின்ற சூட்டோடு, ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டாள்.

முதலில் டாங்க் மூடியைத் திறந்தாள். மூடியில் காற்றுப் போக ஒரு சிறு வழி உண்டு. அது அடைத்துக்கொண்டால் பெட்ரோல் இறங்காது. மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று புகும், சற்றைக்கெல்லாம் வண்டி கிளம்பிவிடும். இங்கே 'உஸ்'ஸும் இல்லை, கிளம்பவும் இல்லை. குழாயைக் கழற்றிப் பாட்டிலில் பிடித்தாள். பெட்ரோல் தாராளமாக வந்தது. கிக்கரை மெதுவாக மிதித்தாள். நன்றாக எதிர்த்துத் தள்ளியது. ஆக, அமுக்கமும் இருக்கிறது. பிளக்கைக் கழற்றினாள். முனை பெட்ரோலில் நனைந்திருந்தது. அடுப்பில் விறகு இருக்கிறது, நெருப்புத்தான் இல்லை!

கையோடு கொண்டுபோயிருந்த புதுப் பிளக்கை ஒயரில் மாட்டி, ரப்பர் பிடி போட்ட குறடால் பிடித்து, அதன் உடம்பை இஞ்சின் இரும்பில் ஒட்டி வைத்துக்கொண்டு மிதித்தாள். பொறியே இல்லை. மறுநாள் காலை, ஆறிய வண்டியில் அதே சோதனை. பளிச்சென்று நீலப் பொறி! (இதைச் செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பிளக் கழற்றிய துவாரத்திலிருந்து பெட்ரோல் ஆவி வரும். பொறியை அதன் அருகே கொண்டுபோகக் கூடாது. திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். சிந்திய பெட்ரோலைத் துடைத்துவிட வேண்டும்.)

சூட்டில் சாகிறது, குளிரில் பிழைக்கிறது. அப்படியானால் குற்றவாளி மின்சாரம் உண்டாக்கும் காயில். தலைமயிர் போன்ற செப்புக் கம்பியைப் பல நூறு சுற்றுச் சுற்றியது அது. எங்கோ ஓரிடத்தில் கம்பி விட்டுப்போயிருந்தால், குளிர்ந்தபோது இரு முனையும் தொட்டுக்கொண்டிருக்கும். சூட்டில் விரிந்ததும் பிரிந்துவிடும். மேல்நாடுகளில் 'ட்ரயல்ஸ்' என்று ஒரு பந்தயம் உண்டு. பாறைகளின் மேல் வண்டியை நத்தை வேகத்தில் ஏற்ற வேண்டும்; கால் தரையில் பட்டால் புள்ளி போய்விடும். வேகம் இல்லாததால் காற்று வீசி இஞ்சினைக் குளிர்விக்காது. அந்த வண்டிகளிலும் இந்தச் சூட்டு வியாதி வருவதுண்டு. நரசிபுரம் ரோட்டில் வாழைத்தார் லாரிக்குப் பின்னால் ஊர்ந்துபோன நம் வண்டிக்கும் அதே கதிதான்.

காயில் என்றால் கோயமுத்தூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? 1932ல் பைக்காரா மின்சாரம் வந்தது. 1937ல் பீளமேட்டில், இந்தியாவிலேயே முதல் என்று பெயர் பெற்ற மின் மோட்டார் தயாராயிற்று. ஆழக் கிணறுகளில் பம்ப்செட்டுகள் இறங்கின. "காயில் போச்சு, கட்டக் குடுத்திருக்கேன்" என்பது கொங்கு நாட்டு விவசாயி வாயில் சர்வ சாதாரணம். பம்ப்செட் மோட்டார் காயில் கட்டுகிற ஒரு பெரியவர், நுண்கம்பி சுற்றுகிற இன்னொருவரைக் காட்டினார். அவர் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "காயில் நல்லாத்தானே இருக்குதுங்க!" என்றார். அவள் பையிலிருந்து, தலைமுடி உலர்த்தும் கருவியை எடுத்தாள். காயிலின் மேல் சூட்டுக் காற்றை அடித்தாள். இரண்டு நிமிஷம். மீட்டர் முள் தொப்பென்று விழுந்தது! பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அட, அம்மிணி!" என்றார். அவ்வளவுதான், வேறொன்றும் சொல்லவில்லை.

நின்ற வண்டியிலிருந்து பாடம் படிப்பது எங்கள் ஊருக்குப் பழைய வழக்கம். சூலூர்ப் பக்கம் கலங்கல் கிராமத்தில் 1893ல் பிறந்த ஜி. டி. நாயுடுவைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் 'ரட்ஜ்' மோட்டார் சைக்கிள் ஊருக்குள் பழுதாகி நின்றதாம். வேண்டிய மண்ணெண்ணெயை வாங்கிக் கொடுத்து, அவர் வண்டியைச் சரிசெய்வதைப் பையன் கூடவே நின்று கவனித்தானாம். பிறகு அவர் கோயமுத்தூருக்கு வந்து ஹோட்டலில் பரிமாறிப் பணம் சேர்த்து, அந்த வண்டியையே 300 ரூபாய்க்கு வாங்கினார். வாங்கி என்ன செய்தார்? ஊர் சுற்றவில்லை. அக்கு அக்காகப் பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டினார். 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை விட்டுத் தொழில் தொடங்கிய மனிதரின் முதல் பள்ளிக்கூடம் அந்த வண்டிதான். இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறோம். பெண்களை மட்டும் அந்த நேரத்தில் காப்பி போட அனுப்பிவிடுகிறோம்!

பிரித்துப் பார்க்கிற தைரியமும், கேட்டுப் பார்க்கிற பொறுமையும் நமக்கு இல்லையா என்ன? ரசத்தில் என்ன குறை என்று வாசனையிலேயே கண்டுபிடிக்கிறவர்கள் நாம். தெரிந்ததை எழுதி வைத்து, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் சோதித்து, பதில் வரும் வரையில் அடுத்ததைத் தொடாமலிருப்பது: வித்தை இவ்வளவுதான்.

புதுக் காயில் பூட்டி, மார்கழிக் கடைசியில் நரசிபுரம் போய், நிற்காமல் திரும்பி வந்தாள். அண்ணி ஒன்றும் பேசவில்லை. போகிப் பண்டிகையன்று பழைய சாமான்களை ஒழிக்கும்போது, வண்டியை மட்டும் தானே தள்ளிப்போய்த் திண்ணை ஓரம் நிழலில் நிறுத்தினாள். ஹாண்டிலுக்கு மஞ்சள் குங்குமமும் வைத்தாள்.

இப்போதெல்லாம் அந்தத் தெருவில் யார் வண்டி நின்றாலும், "டீச்சரைக் கூப்பிடுங்க" என்கிறார்களாம். அவள் போய், முதலில் உதைக்கிறவரின் காலை நிறுத்தச் சொல்லுகிறாள். பிறகு கேட்கிறாளாம்: "எப்பங்க நின்னுச்சு?"