மூன்று ஓலைக்கு முன் ஒரு பத்திரம்

திருமணம் நிச்சயமான வீட்டில் எழுத்து வேலைக்குக் குறைவில்லை. அழைப்பிதழ் எழுதுகிறோம், உறவினர் பட்டியல் எழுதுகிறோம், பந்திக்கு அரிசி எத்தனை மூட்டை, எண்ணெய் எத்தனை டின் என்று சமையற்காரர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்கிறோம். பங்கு அலுவலகத்தில் ஞானஸ்நானச் சான்றிதழைக் கொடுத்து, ஓலை வாசிப்பதற்குப் பெயர்களைப் பதிவு செய்கிறோம். ஆனால், மணமக்கள் இருவரும் தம் வருவாய் என்ன, கடன் என்ன, தம்மை நம்பியிருப்போர் யார், நாளை ஒருவர் இல்லாமற்போனால் மற்றவர் எந்தக் கூரையின்கீழ் இருப்பார் என்பனவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்வதுண்டா? "நல்ல காரியம் பேசும்போது இது என்ன பேச்சு?" என்று பெரியவர்கள் வாயை அடைத்துவிடுவார்கள். எங்கள் வாயையும் அப்படித்தான் அடைக்கப் பார்த்தார்கள். அது நடவாமற் போனது இறைவனின் இரக்கம் என்றே இன்றளவும் எண்ணுகிறோம்.

நாங்கள் மணந்தது 1999-ஆம் ஆண்டில். இருவருக்குமே அது இரண்டாம் திருமணம். ஒருவர் மனைவியை நோய்க்குப் பறிகொடுத்தவர்; அவருக்குப் பதினான்கு வயதில் ஒரு மகனும் பத்து வயதில் ஒரு மகளும் இருந்தனர். மற்றவர் கணவரை விபத்தில் இழந்து, ஏழு வயது மகளோடு தாய்வீட்டில் இருந்தவர். எழுத்து வசதிக்காக, மணத்திற்கு முன் நடந்தவற்றைச் சொல்லும்போதும் கணவர், மனைவி என்றே எங்களைக் குறிப்பிட்டுக்கொள்கிறோம்.

ஓலை வாசிக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஒருநாள் மாலையில், மறைந்த முதல் மனைவியின் தாயார் பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்திருந்தார். பிள்ளைகள் ஆச்சி என்று அழைப்பதால் ஊருக்கே அவர் ஆச்சி. பிள்ளைகள் விளையாடப் போனபின் அவர் மெதுவாகக் கேட்டார்: "மாப்பிள்ளை, நீங்கள் கலியாணம் முடிப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. பிள்ளைகளுக்கு ஒரு தாய் வேண்டும். ஆனால் இந்த வீடு அதுகளுக்கு உண்டா, இல்லையா? அதை மட்டும் சொல்லிவிடுங்கள்."

கணவர் பதில் ஒன்றும் கூறாமல் பெட்டியைத் திறந்து ஓர் உயிலை எடுத்துக் காட்டினார். முதல் மனைவி இறந்த ஆண்டிலேயே எழுதி, பதிவும் செய்து வைத்தது. தந்தைவழி வந்த வீடு இரு பிள்ளைகளுக்கும் சமபாகம் என்று அதில் தெளிவாக இருந்தது. ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

அந்த நிம்மதி ஒரு வாரமே நீடித்தது. எங்கள் பங்கைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவரிடம் வேறொரு காரியமாகச் சென்றபோது, பேச்சோடு பேச்சாக உயிலைப் பற்றிக் கணவர் குறிப்பிட்டார். வழக்கறிஞர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நீங்கள் பீடத்தின்முன் நின்று சம்மதம் சொல்லும் அந்நேரத்திலேயே இந்த உயில் செத்துவிடுமே, தெரியுமா?" என்றார். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு அவ்வாறு கூறுகிறது. உயில் எழுதியவர் திருமணம் செய்துகொண்டால், அதற்குமுன் எழுதிய உயில் தானாகவே ரத்தாகிவிடும். பதிவு செய்திருந்தாலும் விதிவிலக்கில்லை. இந்துக்களின் உயிலுக்கு இவ்விதி பொருந்தாது. நம் கிறிஸ்தவ மக்களுக்குப் பொருந்தும். அதன்பின் வேறு உயில் எழுதாமல் இறந்தால், மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கும், மூன்றில் இரண்டு பங்கு இறந்தவருடைய பிள்ளைகளுக்கும் சேரும். மனைவி முந்திய மணத்தில் பெற்ற பிள்ளைக்கு அவரிடமிருந்து சல்லிக்காசும் வராது. ஒரே தட்டில் உண்டு வளர்ந்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு அக்குழந்தை அயலாரே.

செய்தி குடும்பத்தாருக்கு எட்டியது. கணவரின் தமையனார் உடனே ஒரு வழி சொன்னார்: "கலியாணத்துக்கு முன்னாலேயே, உன் சொத்தில் எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் எழுதி வாங்கிவிடு." இது வெறும் குடும்பப் பேச்சன்று. வாரிசுரிமைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவில் அந்நாளில் ஒரு விளக்கம் இருந்தது. மணத்திற்கு முன் செய்த முறையான ஒப்பந்தத்தால் விலக்கப்பட்ட கைம்பெண்ணுக்குக் கணவனின் சொத்தில் பங்கில்லை என்பதே அது. சட்டமே கதவைத் திறந்து வைத்திருந்தது.

இன்னும் வருந்தத்தக்க செய்தி ஒன்றுண்டு. மனைவி கையெழுத்திட ஆயத்தமாகவே இருந்தார். "சொத்துக்காக வந்தவள்" என்ற பெயர் தமக்கு வந்துவிடக்கூடாது என்ற வெட்கந்தான் காரணம். தடுத்தவர் யார் தெரியுமா? ஆச்சிதான். "என் பேரப்பிள்ளைகளுக்கு வீடு வேண்டும் என்று கேட்டேன். அதற்காக இன்னொருத்தி பெற்ற பெண்ணைத் தெருவில் நிறுத்துங்கள் என்றா கேட்டேன்? என் மகள் உயிரோடு இருந்து, நான் இப்படி ஒரு தாளில் அவளைக் கையெழுத்துப் போட விட்டிருப்பேனா?" என்று அவர் கேட்டபோது, தமையனார் உட்பட எவரும் வாய் திறக்கவில்லை.

நிற்க. வேறென்ன செய்வது? வழக்கறிஞர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்தார். உள்ளது, வரவேண்டியது, கொடுக்கவேண்டியது ஆகிய மூன்றையும் எழுதச் சொன்னார். எழுதினோம். தாள்களை மாற்றிப் படித்தோம். "கொடுக்கவேண்டியது" என்ற தலைப்பின்கீழ் இருவருமே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வழக்கறிஞர் மீண்டும் ஒருமுறை கேட்டார். அப்போதுதான், முதல் மனைவியின் மருத்துவத்திற்காகக் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய கடனில் இன்னும் 38,000 ரூபாய் பாக்கி என்பதைக் கணவர் தலைகுனிந்து சொன்னார். மணம் முடிந்தபின் மெல்லச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாராம்.

மனைவி ஒன்றும் பேசாமல் எழுந்து சென்றுவிட்டார். மூன்று நாள் பேச்சில்லை. சம்பந்தம் முறிந்தது என்றே எண்ணினோம். நான்காம் நாள் காலைத் திருப்பலி முடிந்து கோவில் வாசலில் அவரே வந்து பேசினார்: "கடன் பெரிதில்லை. மறைத்ததுதான் பெரிது என்று கோபப்பட்டேன். பிறகு என் தாளை எண்ணிப் பார்த்தேன். என் நகையில் பத்துப் பவுன் என்று எழுதினேனே, அது தம்பியின் தொழிலுக்காக வங்கியில் அடகில் இருக்கிறது. நானும்தான் மறைத்தேன்." திருமணத்தன்று நாங்கள் கூறிய வாக்குறுதிக்கு அடித்தளம் அன்று அந்த வாசற்படியில் போடப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது.

தாள்களைப் பங்குத்தந்தையிடம் காட்டினோம். சொத்தைப் பற்றி எழுதிக்கொள்வது திருமணம் என்னும் அருட்சாதனத்திற்கு இழுக்கா என்று கேட்டோம். அவர் தந்த விளக்கம் எங்களுக்கு இன்றும் வழிகாட்டி. திருச்சபை திருமணத்தை உடன்படிக்கை என்கிறது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1102-ஆம் விதிப்படி, வருங்காலத்தைப் பற்றிய நிபந்தனையோடு திருமணத்தைச் செல்லத்தக்க முறையில் முடிக்க இயலாது. "இன்னது நடந்தால்தான் நீ என் மனைவி" என்று உள்ளத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டு பீடத்தின்முன் நிற்பவனுடைய சம்மதம் சம்மதமே அன்று. அவ்வாறே, பிடிக்காவிடில் பிரிந்துவிடலாம் என்று உறுதியாக மனத்தில் கொண்டு, வாழ்நாள் பிணைப்பையே விலக்கி வருபவனின் சம்மதமும் 1101-ஆம் விதிப்படி பழுதுபடும். ஆனால், தம்மை நம்பியவர்களுக்கு உரியதை ஒழுங்குபடுத்துவது நிபந்தனையன்று, அது நீதி. "பிரிந்தால் யாருக்கு எவ்வளவு என்று எழுதாதீர்கள். இறந்தால் யார் கதியற்று நிற்பார் என்று எண்ணி எழுதுங்கள்" என்றார் சாமியார்.

பின்னர் தோபித்து நூலைத் திறந்து காட்டினார். இரகுவேல் தம் மகள் சாராவைத் தோபியாவுக்குக் கொடுக்கும்போது, முதலில் மகளின் கையைப் பிடித்துக் கொடுக்கிறார், உடனே அவள் தாயை அழைத்து, ஏடு கொண்டுவரச் செய்து மண ஒப்பந்தம் எழுதுகிறார், அதன்பின்னரே பந்தி. பின்னர்த் தம் உடைமையில் பாதி இப்போதே உங்களுக்கு, மீதி எங்கள் காலத்திற்குப்பின் என்றும் தெளிவாகச் சொல்லுகிறார். அந்த இரவில் மணமக்கள் எழுந்து செபிக்கிறார்கள். எழுத்தும் செபமும் ஒரே நாளில் நடந்தன. ஒன்று மற்றொன்றைக் கெடுக்கவில்லை.

ஆகவே நாங்கள் செய்தவை இவை. மணத்திற்கு முன்பே, வீட்டைக் கணவர் தம் இரு பிள்ளைகளுக்கும் செட்டில்மெண்டுப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்தார். தம் ஆயுள்வரை தாமும், தமக்குப்பின் மனைவி தம் ஆயுள்வரையும் அங்கே வசிக்கலாம் என்ற உரிமையை அதிலேயே சேர்த்தார். ஆச்சி சாட்சியாகக் கையெழுத்திட்டார். முன்கணவர் விட்டுச்சென்ற வைப்புத்தொகை மனைவியின் மகளுக்கே உரியது; குடும்பச் செலவுக்கு அதைத் தொடுவதில்லை என்று எழுதிக்கொண்டோம். கடன் இருவரின் கடன். நகையை மீட்பதும் இருவரின் பொறுப்பு என்றும் எழுதினோம். மணம் முடிந்த மறுவாரம் இருவரும் புதிய உயில் எழுதினோம். கணவரின் உயிலில், சட்டம் அயலார் என்று ஒதுக்கிய அந்த ஏழு வயதுக் குழந்தையின் பெயர் மற்ற இரு பிள்ளைகளின் பெயரோடு இடம்பெற்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் நாட்டில் மணத்திற்கு முந்திய ஒப்பந்தத்திற்கென்று பொதுவான தனிச் சட்டம் இல்லை. பொது நெறிக்கு முரணான ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு கூறுவதால், வருங்காலப் பிரிவுக்கு வழிகோலும் ஏற்பாடுகள் நீதிமன்றத்தில் நில்லா. மாமியார் வீட்டோடேயே இருப்பேன் என்று மாப்பிள்ளை எழுதிக்கொடுத்த ஒப்பந்தத்தைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 1901-லேயே ஏற்க மறுத்துவிட்டது. கோவாவின் நிலை வேறு. அங்கே 1867-ஆம் ஆண்டுப் போர்த்துக்கீசிய உரிமையியல் சட்டம் இன்றும் எல்லா மதத்தினருக்கும் நடைமுறையில் உள்ளது. மணமக்கள் முன்னதாக எழுதிப் பதிவு செய்யாவிட்டால் இருவர் சொத்தும் பொதுவாகி, ஆளுக்குப் பாதி என்றாகிவிடும். வேறு ஏற்பாடு வேண்டுவோர் திருமணத்திற்கு முன்பே பத்திரம் எழுதவேண்டும். பின்னர் அதை மாற்ற இயலாது. நம் ஊரிலோ உறுதியாக நிற்பவை பதிவு செய்த பத்திரமும் முறையான உயிலுமே. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை. இரு சாட்சிகள் வேண்டும். உயிலால் பயன்பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாகக் கையெழுத்திடலாகாது. இட்டால் அவருக்கு எழுதிய பங்கு செல்லாமற் போகும்.

சொத்தே இல்லாத இளம் மணமக்களுக்கு இதெல்லாம் எதற்கு என்பீர்கள். அவர்களும் எழுதவேண்டிய தாள் ஒன்றைச் சட்டமே கேட்கிறது. 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்தின்கீழ் 1985-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, மணமக்களுக்கு வரும் பரிசுப் பொருள்களைப் பட்டியலிட வேண்டும். பொருள், ஏறத்தாழ அதன் மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவாயின் என்ன உறவு ஆகியவற்றை எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். மணமகளின் பட்டியலை மணமகளே வைத்துக்கொள்ள வேண்டும். மொய் நோட்டில் ஐம்பது ரூபாயைக்கூட விடாமல் எழுதும் நாம், பெண்ணின் நகைக்குப் பட்டியல் எழுதுவதில்லை. எழுதுவது எதை? "இத்தனை பவுன், இத்தனை ரொக்கம்" என்று நிச்சயத்தன்று பேசும் பேரத்தை! அந்த ஒப்பந்தமோ அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி செல்லாதது. சட்டம் கேட்பதை விட்டுவிட்டு, சட்டமும் திருச்சபையும் தடுப்பதை எழுதிவைக்கிறோம். இது தகுமா?

2002-ஆம் ஆண்டில், 32-ஆம் பிரிவில் இருந்த அந்த விளக்கத்தைப் பாராளுமன்றம் நீக்கிவிட்டது. செய்தியைச் சொல்ல வந்த வழக்கறிஞர், "ஆச்சி சொன்னதைப் பாராளுமன்றம் மூன்று ஆண்டு கழித்துச் சொல்லியிருக்கிறது" என்றார். ஆச்சி சிரித்தார். இன்று அவர் நம்மிடையே இல்லை. மூன்று பேரப்பிள்ளைகளும் சேர்ந்தே அவர் கல்லறைக்கு மெழுகுதிரி ஏற்றப் போகிறார்கள். மூன்றாமவளுக்கு அவர் எந்த வகையிலும் இரத்த உறவில்லை என்பதை நாங்கள் சொல்லித்தான் அறியவேண்டும்.

ஆகையால் பெற்றோரே, உங்கள் பிள்ளைகளுக்கு ஓலை வாசிக்கும் முன் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். மணமக்களுக்கு ஆளுக்கொரு தாள் கொடுங்கள். எழுதி முடிக்கும்வரை நீங்கள் குறுக்கிடாதீர்கள்; முடிந்தபின் சேர்ந்து செபியுங்கள்.

எங்கள் மகனுக்குத் திருமணம் நிச்சயமானபோது, நாங்கள் நினைவூட்டவேண்டிய தேவையே ஏற்படவில்லை. மணப்பெண் வந்திருந்த நாளில் அவனே இரண்டு தாள்களை எடுத்துவந்து மேசையில் வைத்தான். தன் தாளின் முதல் வரியாக, இன்னும் கட்டி முடியாத தன் கல்விக் கடனை எழுதினான்.