காதுக்கு மேலே சிவப்பு

ஜூன் 4, புதன்
பஸ் முழுக்க, மூளையை ஒளியால் அளக்கிற பெட்டி மடியில். தொடை மரத்துப்போச்சு. அங்கன்வாடியில் கரண்ட் இல்லை, லேப்டாப் பேட்டரியில் ஓட்டினேன். முதல் அம்மாவுக்குத் தொப்பி மாட்டினேன். திரையில் நெற்றி பூராவும் பச்சை, அதாவது நல்ல சிக்னல். காதுக்கு மேலே வரிசையாகச் சிவப்பு, சிக்னல் வரலை. நல்ல அடர்ந்த முடி. சீப்புக் காம்பால் விலக்கி விலக்கி விரல் நோகுது.

ஜூன் 5
"மண்டைக்குள்ள கரண்டு விடுவீங்களாம்மா?" என்றார் ஒரு பாட்டி. இல்லைங்க பாட்டி, வெறும் வெளிச்சம். என் விரல் நுனியில் வைத்துக் காட்டினேன். 760 நானோமீட்டர் மங்கலாகச் சிவக்கும்; 850 கண்ணுக்கே தெரியாது. அப்புறம்தான் பேத்தியைக் கொடுத்தார். குலதெய்வம் கோயிலில் நேற்று மொட்டை போட்ட குழந்தை. காதோரச் சந்தனத்தைத் துடைத்துத் தொப்பி மாட்டினேன். எல்லாம் பச்சை. எல்லாமே! ராத்திரி சராசரி போட்டேன். குரல் கேட்டதும் ஆக்சிஜன் ரத்தக் கோடு ஏறுது, ஆக்சிஜன் இல்லாத ரத்தக் கோடு இறங்குது. தூக்கமே வரலை.

ஜூன் 7
கைடு போன். நெற்றி போதுமாம். காதுப்பக்கத்தை மோசமான தரவு என்று தள்ளிவிடணுமாம். பேச்சைக் கேட்கிற இடமே அங்கேதானே இருக்கு? தலைவலி.

ஜூன் 10
மறுபடி சிவப்பு. ஜன்னல் வெயில் வேறு. கறுப்புத் துணி போர்த்தினேன். அந்த அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டுது, அசையவே இல்லை. 3 செ.மீ. தள்ளி வந்து சேர்கிற ஒளியே துளி. அதையும் கறுப்பு முடி குடித்துவிடுது. இந்த ஒளியால் மூளையின் ஆக்சிஜனை அளக்கலாம் என்று யோப்சிஸ் 1977-ல் காட்டினார். இத்தனை வருஷமாக யார் தலையை வைத்துத் தொப்பி தைத்தார்கள்? விட்டுவிடலாம் போலிருக்கு.

ஜூன் 11
காம்பியாவில், கெனீபா கிராமத்துக் குழந்தைகளிடம் இதே மாதிரி அளந்ததைப் பற்றிய கட்டுரையைத் திரும்பப் படித்தேன். 2014-லேயே வந்தது. அங்கே முடிந்திருக்கு. எம்.ஆர்.ஐ. இந்த ஊருக்கு வரப்போவதில்லை. இந்தப் பெட்டி தோள்பையில் வருது. விடமாட்டேன்.

ஜூன் 13
அங்கன்வாடி டீச்சரம்மா என் கையிலிருந்து சீப்பை வாங்கிக்கொண்டார். பேன் பார்க்கிற மாதிரி வகிடு வகிடாகப் பிரித்து, தொப்பியின் ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் தோல் தெரிகிறவரைக்கும் ஹேர்பின் குத்தினார். முக்கால் மணி நேரம். காதுக்கு மேலே மஞ்சள். அப்புறம் பச்சை. பாதிக்கு மேல் பச்சை! கழுத்து வலி தெரியலை.

கைடுக்கு மெயில் போட்டாச்சு. ஆளுக்கு முக்கால் மணி நேரம் தனியாக ஒதுக்கணும். முடியைக் காட்டி யாரையும் நீக்கக் கூடாது. சிக்னல் வராதவர்கள் எத்தனை பேர், ஏன் என்பதையும் கட்டுரையில் எழுதியே ஆகணும்.