மூன்று புள்ளிகள்

கடைத்தெருப் பலகைகளிலும் அழைப்பிதழ்களிலும் நாம் அடிக்கடி காணும் எழுத்து வகை ஒன்று உண்டு. தடித்திருக்கும், வலப்புறம் சாய்ந்திருக்கும், நுனியில் தனியாகக் கட்டை எதுவும் வைக்காமல், இடை சிறுத்த உடுக்கையைப் போலக் கோடே விரிந்து முடியும். பெருந்தலைப்புக்கென்றே பிறந்த எழுத்து அது.

ஆங்கிலத்தில் இந்த விரிந்த நுனிக்குப் புகழ்பெற்றது ஆல்பெர்டஸ். ஜெர்மனியில் பிறந்த பெர்த்தோல்ட் வோல்ப் 1930களில் மோனோடைப் நிறுவனத்துக்காக வரைந்தது. புனித பெரிய ஆல்பர்ட்டின் பெயரைத் தாங்கியது என்று அறிந்ததும் எங்களுக்கு அதன்மேல் தனிப் பாசமே பிறந்துவிட்டது! வோல்ப் வெண்கலத்தில் எழுத்தைக் குழித்துச் செதுக்கவில்லை. சுற்றியுள்ள உலோகத்தை வெட்டியெடுத்து, எழுத்தை மேலெழுந்து நிற்கச் செய்தார். சாய்வின் கதை வேறு. வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூஷியஸ் 1501இல் வெர்ஜிலின் கவிதைகளைச் சாய்ந்த எழுத்தில் அச்சிட்டார். அது இத்தாலியரின் கையெழுத்தைப் பார்த்து வெட்டிய அச்சு. நம் ஓலை எழுத்தாணிக்கு அந்தச் சாய்வு தெரியாது.

செம்மநத்தத்தில் நடக்கவிருந்த கண் சிகிச்சை முகாமுக்குத் துணியில் பெயர் எழுதும் பணி ஒன்பதாம் வகுப்பினராகிய எங்களுக்குக் கிடைத்தது. காப்பித் தோட்டங்களுக்கு நடுவே, காலை மூடுபனியில், பார்வை மங்கிய முதியோர் படிக்க வேண்டிய எழுத்து! எங்களுள் ஒரு கட்சி, தடித்த சாய்வெழுத்தே வேண்டும் என்றது. மறு கட்சி, நிமிர்ந்த எழுத்து போதும் என்றது. இரண்டையும் தாளில் எழுதித் தாழ்வாரத்தின் மறுகோடியில் தொங்கவிட்டோம். தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பாட்டி ஒருவரை அழைத்துப் படிக்கச் சொன்னோம்.

சாய்வெழுத்தை நெடுநேரம் பார்த்தார். “எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு சாஞ்சுக்கிட்டு நிக்குது கண்ணு. புள்ளியக் காணோமே?” என்றார்.

செம்மநத்தம் என்னும் பெயரில் எழுத்து ஏழு, புள்ளி மூன்று. கோடு தடிக்கத் தடிக்க ‘ம’வின் வயிற்றிலுள்ள வெள்ளை அடைபடுகிறது, சாயச் சாயப் புள்ளி பக்கத்து எழுத்தின் தலைமேல் ஏறிக்கொள்கிறது. ஏட்டில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளியே வைப்பதில்லை, படிப்பவர் பாடு! தொல்காப்பிய விதிப்படி குறில் எகரத்துக்கும் புள்ளி உண்டு. நெடிலுக்குக் கொம்பைச் சுழித்து அந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் வீரமாமுனிவர் (1680-1747). அவரும் இத்தாலியரே. அவர் வராதிருந்தால் ‘செ’வுக்கும் சேர்த்து நான்கு புள்ளிகளைக் காப்பாற்ற வேண்டியிருந்திருக்கும்.

ஊர்ப்பெயரை நிமிர்த்தினோம். ஓரடி உயர எழுத்துக்கு இரண்டு அங்குலத் தடிப்பு. புள்ளியும் அதே அளவு. வோல்ப் உலோகத்தை வெட்டியதுபோல, ‘ம’வின் உள்வெள்ளையை முதலில் பென்சிலால் குறித்துவிட்டே பட்டைத் தூரிகையை எடுத்தோம். விரிந்த நுனியை விடவில்லை. மங்கலிலும் கோட்டின் முடிவு தெரிகிறது. சாய்வெழுத்துக் கட்சிக்காக ‘வருக’ என்பதை மட்டும் சாய்த்தே எழுதினோம். அதில் புள்ளி இல்லை அல்லவா?

துணி இப்போது தையல் அறை அலமாரியில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. மழையில் கடைசி ‘ம்’ சற்றே கரைந்துவிட்டது. அடுத்த முகாமுக்குள் வண்ணம் பூச வேண்டும்.