செருப்பில்லாக் கால்கள்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய கரையோர முஸ்லிம் ஊர்களில் பூனை வந்து உறங்காத திண்ணை அரிது. 'பூனைக்குட்டியின் தந்தை' என்று பொருள்படும் பெயரால் அழைக்கப்பட்ட அபூஹுரைரா (ரழி) அவர்களை இளமையிலேயே அறிந்து வளர்ந்தவர்கள் நாம். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியாற் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய நபிமொழியும் நமக்குப் புதிதன்று. எனினும், கட்டிவைப்பதைப் பாவமென அறிந்த நாம், பூனை செல்லும் வழியில் உறை வெடித்த மின்வயரை விட்டுவைப்பதைக் குற்றமாக எண்ணுவதில்லை.

நம் வளவுகளிற் கிணற்றடி மோட்டருக்குச் செல்லும் வயர் பெரும்பாலும் மணலின் மேலேயே கிடக்கிறது. மாரி காலத்தில் அம்மணல் நனைந்து மின்சாரத்தைக் கடத்துகிறது. செருப்பணிந்த மனிதன் தப்பிவிடக்கூடிய அவ்விடத்திற் பூனையும் ஆடும் வெறுங்காலுடன் நிற்கின்றன. முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே பாயும் மின்சாரம் அவற்றின் இதயத்தை ஊடறுத்துச் செல்கிறது.

சென்ற மாரியில் எங்கள் அயல்வீட்டுப் பூனை மோட்டரின் அருகே இறந்து கிடந்தது. பாம்பு தீண்டியிருக்குமென்றனர். வாப்பா டெஸ்டரை எடுத்து மோட்டரின் இரும்புக்கூட்டில் வைத்தார், அது ஒளிர்ந்தது. கூட்டிற்குப் புவிக்கம்பி இணைக்கப்படவில்லை. மழைநாட்களில் அடிக்கடி விழுகிறதென்று ட்ரிப் சுவிட்சும் அகற்றப்பட்டிருந்தது. அவ்வீட்டுச் சிறுவர்கள் நாள்தோறும் குளிப்பது அக்கிணற்றடியிலேதான்.

ட்ரிப் சுவிட்ச், வீட்டினுள் செல்லும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிடுகிறது. வீடுகளிற் பொதுவாகப் பொருத்தப்படுவது, 30 மில்லி அம்பியர் வேறுபாடு தோன்றியதும் நொடியின் சிறு பகுதிக்குள் 230 வோல்ற்று மின்சாரத்தைத் துண்டித்துவிடும். ஆகவே, அது அடிக்கடி விழுவதைக் குறையென்று கொள்ளலாகாது. எங்கோ மின் கசிகிறதென்ற எச்சரிக்கையாகவே கொள்ளவேண்டும்.

ஆயினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. பூனைக்குட்டி வயரைக் கடிக்கும்போது இரு கம்பிகளும் அதன் வாயில் அகப்பட்டால், ஒன்றிற் சென்ற மின்சாரம் மற்றதிலே திரும்பிவிடும். வேறுபாடு தோன்றாமையாற் சுவிட்ச் விழாமலிருக்கலாம். அவ்வேளையிற் குட்டியைக் காப்பவை, வயரைக் குழாய்க்குள் இடுவதும் வேலை முடிந்ததும் பிளக்கைக் கழற்றிவிடும் பழக்கமுமே.

மின்பட்டுத் துடிக்கும் பிராணியைத் தொடுமுன் மெயின் சுவிட்சை நிறுத்தவேண்டும். தப்பிய பிராணி எழுந்து நடந்தாலும், சில மணிநேரத்தின் பின் நுரையீரலில் நீர் சேர்ந்து மூச்சுத் திணறக்கூடும். ஆதலால் தாமதியாது கால்நடை வைத்தியரிடம் காட்டுதல் அவசியமாகும்.

ஒரு புவிக்கம்பி, ஒரு ட்ரிப் சுவிட்ச், சில முழம் குழாய் ஆகியவற்றைப் பூனைக்காகச் செய்யும் வீண்செலவென்று நகைப்போர் உளர். அதே மணலிலே தவழும் குழந்தைக்கும் செருப்பில்லை என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.